நாடியைப் பிடித்தபடி ஒரு நடை

சாந்தோமில் கோயிலுக்குப் பின்புறம் பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. வாசற்படியில் நின்றால் கோயில் கோபுரமும் அதன் உச்சியில் சிலுவையும் தெரியும். கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலைக் கேட்டபடி, ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை, அந்த வீட்டின் நடு அறையில் ஒரு கட்டிலில் நான் வளர்ந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதி அது. அப்பா ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு ஆசிரியர். காலையில் சைக்கிளில் போவார், சாயங்காலம் சைக்கிளில் வருவார். அம்மாவுக்கு வீடு, கோயில், மறுபடியும் வீடு. எனக்கு ஓர் அக்கா இருந்தாள். எனக்கு ஐந்து வயதாகும்போது டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் ஓடுவது நினைவிருக்கிறது. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பின்னல் குதிக்க ஓடுவாள். காய்ச்சல் கண்ட அன்று சாயங்காலம்கூடக் கடற்கரையில் ஓடியாடிவிட்டுப் பாவாடை நனைய வந்தாளாம். அம்மாவின் மனதில் அவை இரண்டும் ஒட்டிக்கொண்டன, ஓட்டமும் காய்ச்சலும். அதற்குப் பிறகு யார் எத்தனை சொல்லியும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது. வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த வயதான டாக்டர் வந்து, மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "காய்ச்சல் இருதயத்தையும் கொஞ்சம் தொட்டிருக்கு. படுக்கையிலேயே இருக்கட்டும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது. நான் சொல்லும்வரைக்கும்" என்றார்.

நான் சொல்லும்வரைக்கும் என்றவர், அடுத்த வருஷம் மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். காய்ச்சல் போய், வீக்கம் வடிந்து, வலியும் மறந்துவிட்டது. ஆனால் எழுந்திரு என்று சொல்ல வேண்டியவர் இல்லை. வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று அப்பா ஒருமுறை சொன்னார். "அவர்தான் முதல்லேருந்து பார்த்தவர். புதுசா ஒருத்தர் வந்து என்னத்தைக் கண்டுபிடிப்பார்?" என்றாள் அம்மா. அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அக்கா போன பிறகு அந்த வீட்டில் அம்மாவை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியம் இருந்ததில்லை.

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன் என்று சொல்ல முடியாது. எழுந்து உட்காருவேன். சாப்பிட அடுப்படிக்குப் போவேன். கொல்லைக்குப் போய் வருவேன். அதற்கு மேல் ஓரடி வைத்தாலும் அம்மாவின் குரல் வரும். "எங்க எழுந்துட்ட?" அந்தக் குரலில் கோபம் இருக்காது, பயம்தான் இருக்கும். கோபமாக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பயந்தவளிடம் என்ன சொல்வது?

கட்டிலை ஒட்டி ஒரு ஜன்னல் இருந்தது. சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல். கம்பிகள் குத்துக்கு நின்றன. அவற்றின் இடைவெளியில் முகத்தை வைத்து வைத்துக் கன்னத்தில் கோடு விழுந்துவிடும். காலையில் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் போவார்கள். சாயங்காலம் அவர்களே திரும்பி வருவார்கள். போகும்போது இருந்ததைவிட அழுக்காகவும் சத்தமாகவும் வருவார்கள். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். வெளியே போய்வந்தால் மனுஷர்களுக்குச் சத்தம் கூடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். கடற்காற்று பட்டால் மூட்டில் இறங்கும் என்று மாலை நான்கு மணிக்கே அம்மா ஜன்னல் கதவைச் சாத்திவிடுவாள். அதன் பிறகு எனக்குச் சுவர்தான்.

அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். என் வயதுப் பெண்களைவிட அதிகமாகவே படித்தேன். ஆனால் பதினோரு வயதில் என் கால்கள் இரண்டும் கொல்லையில் நட்டிருந்த முருங்கைக் கொம்பு மாதிரி இருந்தன. பசிக்காது. அரோரூட் கஞ்சியும் பார்லித் தண்ணீருமே உள்ளே போகும். வயிறு சரியாகப் போகாது. ராத்திரியில் தூக்கம் வராது, பகலில் தலைவலி வரும். காரணமில்லாமல் அழுவேன். இவை ஒவ்வொன்றும் வர வர, அம்மாவுக்கு என் இருதயம் மோசமாகிக்கொண்டே போகிறது என்று தோன்றியது. அதனால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் படுக்க வைத்தாள். படுக்கப் படுக்க நான் இன்னும் மெலிந்தேன். அந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரு வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வெளியே போவேன். அதற்குக் கை ரிக்‌ஷா வரும். எங்கள் வாசற்படியிலிருந்தே கோயில் தெரிகிற தூரம். ரிக்‌ஷாக்காரருக்கே சிரிப்பு வரும்.

"இன்னாம்மா இது, அந்தாண்ட கீற கோயிலுக்கு வண்டியா? பாப்பா குதிச்சு ஓடிப்புடும் போல கீதே!"

"அவளுக்கு உடம்பு சரியில்லப்பா. மெதுவா இழு. குலுங்கக்கூடாது" என்பாள் அம்மா.

ரிக்‌ஷாவில் போகும்போது சந்தில் நிற்கிற பெண்கள் என்னைப் பார்ப்பார்கள். செத்துப்போகப் போகிறவளைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை. பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கோயில் சாமியார் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார்.

ஒருமுறை தப்பிக்கப் பார்த்தேன். அம்மா ஓர் இழவு வீட்டுக்குப் போயிருந்தாள், அப்பா பள்ளிக்கூடத்தில். கொல்லைப்புறம் மொட்டை மாடிக்குப் போகிற படி இருந்தது. அங்கே ஏறினால் கடல் தெரியும் என்று அக்கா சொன்னது நினைவில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் மார்பு அடித்துக்கொண்டது. காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி கேட்டது. கால் நடுங்கியது. 'இதோ, வந்துவிட்டது' என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அம்மா பயந்துகொண்டிருந்தது இதுதான், இப்போது நான் சாகப் போகிறேன் என்று நினைத்து அந்தப் படியிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து கீழே வந்து, கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்துக்கொண்டேன். கடலைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து என்னைக் காவல் காக்க அம்மாகூடத் தேவையில்லை. நானே போதும். அவள் கூப்பிடாவிட்டாலும் அடுப்படியிலிருந்து நேராகக் கட்டிலுக்கு வந்துவிடுவேன்.

எனக்குப் பதின்மூன்று வயது முடியும் சமயத்தில், சந்தில் என் வயதுப் பெண்கள் எல்லாம் பெரியவர்களாகிவிட்டார்கள், நான் ஆகவில்லை. இந்தக் கவலை இருதயக் கவலையையும் மிஞ்சிவிட்டது. அம்மா என்னைப் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா. நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். அம்மா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என் மார்பிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். "வெளியே வராந்தாவுல படி இருக்கு. ஏறி இறங்கிட்டு வா" என்றார்.

"ஐயோ, படி ஏறக்கூடாதும்மா அவ" என்றாள் அம்மா.

"நான் இங்கேதானே இருக்கேன். ஏறட்டும்."

சில படிகள்தான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. திரும்பி வந்ததும் மறுபடி குழாய் வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு முறை கேட்டார்.

"முன்னாடி ஏதாவது இருந்திருக்கலாம். இப்போ எனக்கு ஒண்ணும் கேட்கல. இவளுக்கு வந்திருக்கிற நோய் கட்டில்தான்" என்றார் அம்மாவிடம். "காலைப் பாருங்க. உபயோகிக்காத கால். பசி இல்ல, தூக்கம் இல்ல, வளர்த்தி இல்ல. எல்லாம் அதனாலதான். மருந்து ஒண்ணும் வேண்டாம். தினம் நடக்கணும். முதல் வாரம் கோயில் வரைக்கும். அப்புறம் கடற்கரை. அப்புறம் அவளால முடிஞ்ச தூரம். மூச்சு வாங்கட்டும், பயப்படாதீங்க. கால் உறுதியானதும் சைக்கிள் விடட்டும்."

"சைக்கிளா?"

"ஆமாம். ஏன், உங்க வீட்டுக்காரர் சைக்கிள் விடறார்னுதானே சொன்னீங்க?"

அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள். வெளியே வந்ததும் ரிக்‌ஷா பிடித்தாள். வழியெல்லாம் வாய் ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தாள். சாயங்காலம் அப்பா, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"வயசு வந்தா தானா சரியாகும்னாங்க" என்றாள்.

நான் கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. இன்று யோசித்தால் எனக்கு அது புரியவில்லை, ஆனால் அன்று புரிந்திருந்தது. டாக்டரம்மா சொன்னதை நானும் முழுக்க நம்பவில்லை. மாடிப்படியில் மார்பு அடித்துக்கொண்டது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்துவிட்டால் போவேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் போனார்கள், வந்தார்கள். அம்மா நான்கு மணிக்கு ஜன்னலைச் சாத்தினாள். அப்படியே சில வாரங்கள் போயின.

ஒருநாள் ஜன்னலைச் சாத்த வந்தவளிடம், "சாத்தாதீங்கம்மா" என்றேன். "காத்து மூட்டுல இறங்கும்" என்றாள். எனக்கு எங்கிருந்து அத்தனை அழுகை வந்ததோ தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்பா அப்போதுதான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "என்னம்மா, என்ன?" என்று ஓடிவந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படி ஏறச் சொன்னது, குழாய் வைத்துக் கேட்டது, கட்டில்தான் நோய் என்றது, நடக்கச் சொன்னது, சைக்கிள் விடச் சொன்னது.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அம்மா ஜன்னல் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "ஓடினவளைக் கொண்டுபோய்ப் புதைச்சாச்சு. படுத்திருக்கிறவ உயிரோட இருக்கா. அது போதாதா?" என்றாள்.

அப்பாவின் முகம் சிறுத்துவிட்டது. அந்தப் பேச்சு வந்தால் அவர் வழக்கமாக எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. என் கட்டிலில், என் காலருகே உட்கார்ந்தார். என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டன. "பாரு" என்றார் அம்மாவிடம். "நீயே பாரு."

அம்மா பார்த்தாள். ஜன்னல் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நடக்கணும்னா நானும் கூட வருவேன். விழுந்தா பிடிக்க ஆள் வேணும்" என்றாள்.

இப்படித்தான் எங்கள் நடை தொடங்கியது. விடுதலை என்று நான் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பேன். அம்மா என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். சும்மா பிடிக்கவில்லை, விரல்களை நாடியின் மேல் வைத்துப் பிடிப்பாள். நாடி பார்க்க யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. பத்துத் தப்படி நடப்பதற்குள் நாடி வேகமாகும். உடனே நிற்பாள். அது தணியும்வரை இருவரும் நடுச்சந்தில் நிற்போம். தணிந்ததும் கொஞ்சம் நடப்போம். மறுபடி நிற்போம். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சந்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். கட்டிலிலாவது யாரும் பார்க்காமல் இருந்தேன். இப்போது கட்டிலையே தெருவில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

குப்பத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மா ஒருநாள் வழிமறித்தாள்.

"இன்னாம்மா, பொண்ணை போலீஸுக்காரன் மாதிரி புட்ச்சிகினு போறே? இன்னா திருடிச்சி அது?"

"அவளுக்கு நெஞ்சு பலவீனம்" என்றாள் அம்மா.

"கையை உடும்மா. நடந்துகினே இருந்தா தன்னால சரியாப் பூடும்."

அம்மா கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மணிக்கட்டில் அவள் விரல் பதிந்த இடம் சிவந்தே இருக்கும்.

முதல் வாரங்களில் தொடையும் கெண்டைக்காலும் இரவெல்லாம் வலிக்கும். அம்மாவிடம் சொன்னால் நடை நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆனால் அந்த வலியோடு தூக்கமும் வந்தது. படுத்தால் விடிந்துதான் கண் திறப்பேன். ஒருநாள் காலை கஞ்சியைத் தள்ளிவிட்டு, அப்பாவின் தட்டிலிருந்த இட்லியைக் கேட்டேன். அப்பா தட்டையே என் பக்கம் நகர்த்தினார்.

மழைக்காலம் முடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். மணலில் நடப்பது தரையில் நடப்பது போல இல்லை. கால் புதையும், இழுத்து எடுக்க வேண்டும். கடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அது இரைகிறது என்று மட்டுமே அறிந்திருந்தவளுக்கு, அது இத்தனை அசைகிறது என்பது மறந்துபோயிருந்தது. நான் வேகமாக நடக்கத் தொடங்கினேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நான் நிற்கவில்லை. அவளும் கூடவே வந்தாள். கட்டுமரங்கள் ஏற்றி வைத்திருந்த இடம்வரை அப்படியே போய்விட்டோம். அங்கே அம்மா ஒரு கட்டுமரத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவள் முகம் வெளுத்திருந்தது. வாயால் மூச்சு விட்டாள். மார்பு ஏறி இறங்கியது. பேச வராமல் கையை மட்டும் அசைத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அவள் எனக்குச் செய்வதைத்தான் எனக்கும் செய்யத் தெரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து விரலை வைத்தேன். நாடி பறந்துகொண்டிருந்தது. என்னுடையது அன்று மாடிப்படியில் அடித்தது போலவே, அதைவிட வேகமாக.

"அம்மா, உங்களுக்கும் அடிக்குது" என்றேன். "ரொம்ப வேகமா அடிக்குது."

அவள் என் விரலைத் தள்ளிவிட்டுத் தானே வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து என் நாடியைப் பார்த்தாள். மறுபடி தன்னுடையதைப் பார்த்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் நாடி தணிவதற்கு முன்பே என்னுடையது தணிந்துவிட்டது. அதை அவளும் கண்டுகொண்டாள்.

"எனக்கும் இப்படித்தானா அடிக்கும்?" என்றாள். கேள்வி எனக்கில்லை. "நடந்தா எல்லாருக்கும் இப்படித்தானா?"

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அக்கா இறந்தபோது அழுததை நான் பார்த்ததில்லை, என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அன்றுதான் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்து, "சேசுவே, பொழுது போயிடுச்சே" என்று எழுந்தாள். திரும்பும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்காதது எனக்கு வினோதமாக இருந்தது. கை தனியாக ஆடியது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு ஒரு வருஷம் நாங்கள் நடக்காத நாள் குறைவு. அடையாற்று முகத்துவாரம்வரை மணலிலேயே போய்த் திரும்புவோம். என் கால் தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. வயிறு ஒழுங்காகப் போனது. தலைவலி எப்போது நின்றது என்று நினைவில்லை, நின்றுவிட்டது என்பதே பின்னால்தான் தெரிந்தது. நான் பெரியவளானேன். அம்மாவும் மாறினாள். முன்பெல்லாம் மூட்டு வலி என்று சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொள்வாள், அது குறைந்தது. என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே, எனக்கு ஜலதோஷம் வந்த நாட்களில் தனியாகவே ஒரு நடை போய்வந்தாள்.

பள்ளிக்கூடத்திலும் சேர்த்தார்கள். ஓய்வுபெற்று ஊருக்குப் போன ஆசிரியை ஒருவர் தன் சைக்கிளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் சைக்கிள், நடுவில் கம்பி இல்லாதது. அம்மா அதைப் பார்த்து, "சேசு மரி சூசையே!" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. விடுமுறை நாட்களில் அப்பாவின் பள்ளி மைதானத்தில் பழகினேன். அப்பா பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். பாவாடை சங்கிலியில் சிக்கிக் கிழியும். முழங்கை சிராய்க்கும். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அப்பா தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் போகும்போது எனக்குள் ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? காலால் மிதிக்கிறோம், உடம்பு தானாகப் போகிறது. அடையாற்றுப் பாலத்துக்கு அப்பா முன்னால் போவார், நான் பின்னால் போவேன். பாலத்தின் மேல் எதிர்காற்று அடிக்கும்போது கால் கடுக்கும், மார்பு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும் என்று மிதிப்பேன். தூக்கமும் பசியும் நடையிலேயே வந்துவிட்டன. சைக்கிள் தந்தது வேறு. வகுப்பில் எழுந்து பேச முடிந்தது. முன்பு யாராவது உற்றுப் பார்த்தால் கண் கலங்கும். இப்போது திரும்பிப் பார்க்க முடிந்தது.

அது ஒரு வருஷம்தான் இருந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். வந்த அன்று நான் சைக்கிளில் சந்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டார். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

"செத்துப் பிழைச்ச பொண்ணு. நோஞ்சான்னு ஏற்கெனவே பேர். இப்போ சைக்கிள் விடுற பொண்ணுன்னும் பேர் வேணுமா? நாளைக்கு யார் கேட்டு வருவாங்க?"

"உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க மாமா" என்றேன் நான், கதவோரத்திலிருந்து.

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். கடற்கரையில் அழுதவள் என் பக்கம் பேசுவாள் என்று நிச்சயமாக இருந்தேன்.

"சரி, சைக்கிள் வேணாம்" என்றாள் அம்மா. "ஆனா நாங்க நடக்கறதை நிறுத்த மாட்டோம். அதை யாரும் சொல்லவேணாம்."

மாமா ஊருக்குப் போகும்போது சைக்கிளையும், பெண்கள் சைக்கிளானாலும் தன் மகனுக்கு உதவும் என்று, ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அம்மாவிடம் பல நாள் பேசவில்லை. ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றைக் காப்பாற்றினேன் என்று அவள் நினைத்தாள் போலும். எனக்கோ மறுபடி ஜன்னலைச் சாத்திய மாதிரிதான் இருந்தது. பேசாமலே இருவரும் கடற்கரைக்கு நடந்தோம், பேசாமலே திரும்பி வந்தோம். கோபத்தில் வேகமாக நடப்பேன், அவளும் ஈடு கொடுத்து வருவாள். கட்டிலில் போன வருஷங்களுக்காக அவளை நான் மன்னித்தேனா என்று யாராவது கேட்டால், இன்றும் எனக்குச் சரியான பதில் இல்லை. அவளும் என்னோடுதான் அந்த வீட்டில் அடைந்து கிடந்தாள் என்பது மட்டும் தெரியும்.

ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். விடுதியில் மாலை ஆறு மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடப்போம், நானும் இன்னும் சில பெண்களும். செக்கு மாடுகள் என்று எங்களுக்குப் பேர். படிப்பு முடிந்து மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முப்பதுகளின் கடைசி அது. சாந்தோமிலிருந்து கச்சேரி சாலை வழியாக நடந்தே போவேன். என் மாணவிகள் பலர் திரை போட்ட மாட்டு வண்டியில் வந்து இறங்குவார்கள். வீட்டு வாசலில் ஏறி, பள்ளி வாசலில் இறங்கி, மறுபடி ஏறி. மதியத்துக்கு மேல் பாதி வகுப்பு தலைவலி என்று மேசையில் கவிழ்ந்திருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

தலைமையாசிரியையிடம் சனிக்கிழமைகளில் பெண்களை நடக்க அழைத்துப்போக அனுமதி கேட்டேன். "பெற்றோர் சம்மதம் வாங்கினால் போங்கள்" என்றார். வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் காபி கொடுத்தார்கள், சம்மதம் கொடுக்கவில்லை. ஒரு வீட்டு அம்மாள், "எங்காத்துல அதெல்லாம் வழக்கமில்லேம்மா. வெயில்ல அலைஞ்சுண்டு இருந்தா கறுத்துப் போயிடுவா" என்றார். சிலர் அனுப்பினார்கள்.

முதல் முறை கடற்கரைவரை மட்டும் போனோம். பிறகு ஒரு சனிக்கிழமை அடையாற்றுப் பாலம்வரை போனோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் திரும்புவதாக ஏற்பாடு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் என் புடவையைத் தொட்டு, "டீச்சர், அந்தக் கோடிவரைக்கும் போலாமா?" என்றாள். மற்றவர்களும், "போலாம் டீச்சர், போலாம் டீச்சர்" என்று பிடித்துக்கொண்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டும், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். முகமெல்லாம் வேர்வை.

"வாங்க" என்றேன்.

நாங்கள் திரும்பியபோது நேரமாகிவிட்டது. பள்ளி வாசலில் தாய்மார்கள் வண்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். தலைமையாசிரியையும் தன் பங்குக்குத் திட்டினார். அடுத்த சனிக்கிழமை சிலர் வரவில்லை. பாலத்தின் கோடிவரை போகலாமா என்று கேட்ட பெண்ணும் வரவில்லை. அவள் வீட்டு வாசலில் போய்க் கேட்டேன், ஜுரம் என்றார்கள். உள்ளே அவள் பேசும் சத்தம் கேட்டது.

வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.